வேலையிடத்தில் எது பாலியல் தொல்லை, எது யோசனையில்லாத நடத்தை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக ஊழியரிடம் அடித்த ஒரு கமென்ட், இரவில் அனுப்பிய ஒரு மெசேஜ், தோளில் வைத்த ஒரு கை. இதில் எது தண்டனைக்குரியது, எது புத்தி சொல்லித் திருத்த வேண்டியது, எது ஒன்றுமேயில்லை என்பதில்தான் குழப்பம் அதிகம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கெடு, குழு, தொகை என்று வரும் இடங்களில் எந்த நாட்டுச் சட்டம் என்று குறிப்பிட்டிருக்கிறோம். மற்றதெல்லாம் எந்த வேலையிடத்துக்கும் பொருந்தும்.

ஒரு செயல் பாலியல் தொல்லையா என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

முதலில், அந்தப் பேச்சிலோ செயலிலோ பாலியல் சாயல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து, எதிரில் இருப்பவருக்கு அது வேண்டாததா என்று பார்ப்பார்கள். அதன் பிறகு, அதனால் அவருடைய வேலையோ மரியாதையோ நிம்மதியோ கெட்டதா, அதே இடத்தில் வேறு யார் இருந்தாலும் கெட்டிருக்குமா என்று பார்ப்பார்கள்.

இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இதை ஐந்தாகப் பிரிக்கிறது: உடலைத் தொடுவது அல்லது தொட முயல்வது, பாலியல் சலுகை கேட்பது, பாலியல் சாயலோடு பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, இவற்றில் அடங்காத வேறு எந்த வேண்டாத பாலியல் நடத்தையும். கடைசியில் உள்ளதுதான் நடைமுறையில் அதிகம் உதவுகிறது. உற்றுப் பார்ப்பது, விசில் அடிப்பது, பின்னாலேயே வருவது, வழியை மறித்து நிற்பது எல்லாம் அதில் வந்துவிடும்.

பிரிட்டனின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் 'நோக்கம் அல்லது விளைவு' என்கிறது. இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

'தப்பான எண்ணத்தில் செய்யவில்லை' என்றால்?

அது தண்டனையின் அளவைக் குறைக்கலாம். நடந்ததை இல்லையென்று ஆக்காது. காலை மிதித்தவர் வேண்டுமென்று மிதிக்கவில்லை என்றாலும் வலி வலிதான். ஆனால் காலை எடுக்கச் சொன்ன பிறகும் எடுக்காமல் நின்றால் 'தெரியாமல்' என்ற பேச்சுக்கு இடமில்லை. நிறுவனத்துக்குள் புகார்களை விசாரிக்கும் குழுக்கள் எண்ணத்தை அறிய முயல்வதைவிட, சொல்லப்பட்ட பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் கூர்ந்து பார்க்கின்றன.

அதே சமயம், புகார் சொல்பவரின் மனம் புண்பட்டது என்பது மட்டுமே போதாது. சூழ்நிலை முழுவதையும் வைத்து, அப்படிப் புண்படுவது நியாயம்தானா என்றும் பார்ப்பார்கள். பிரிட்டன் சட்டத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் யோசனையில்லாத நடத்தை என்பது எது?

தீங்கு நினைக்காமல், இடம் பொருள் ஏவல் பார்க்காமல் நடந்துகொள்வது. புதிதாகச் சேர்ந்தவரிடம் 'ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலை' என்று துருவுவது. இரவு பதினொன்றரைக்கு, வேலை எதுவும் இல்லாதபோது, 'தூங்கிட்டீங்களா?' என்று மெசேஜ் போடுவது. மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது தன் சொந்தப் படங்கள் திறந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது. ஒருவர் குண்டாகிவிட்டார், இளைத்துவிட்டார் என்று பத்துப் பேர் முன்னால் சொல்வது.

இவை ஒருமுறை நடந்தால் பெரும்பாலும் ஒரு வார்த்தை சொல்லித் திருத்தக்கூடியவை. ஆனால் இவையே மூன்று வழிகளில் தொல்லையாக மாறும். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்தால் மாறும். அதிகாரம் கலந்தால் மாறும்: அதே 'தூங்கிட்டீங்களா?' அப்ரைசல் போடும் மேலாளரிடமிருந்து வந்தால், பதில் போடாமல் இருக்கும் சுதந்திரம் எதிரில் இருப்பவருக்குக் கிடையாது. துணுக்குத் துணுக்காகச் சேர்ந்தாலும் மாறும். தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தெரியும் இருபது சம்பவங்கள், தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிப் பார்க்கும்போது வேறு உருவம் எடுக்கும். 'இதுக்கெல்லாமா புகார்' என்று தோன்றும் புகார்களைத் தனித் தனி சம்பவமாக எடுத்துப் பேசாதீர்கள், வரிசையாக வைத்துப் படியுங்கள் என்று விசாரணைக் குழு உறுப்பினர்களுக்குச் சொல்வோம்.

ஒரே ஒரு முறை நடந்தால் அது தொல்லை ஆகாது, சரிதானே?

தவறு. ஒருமுறை கட்டாயப்படுத்தி முத்தமிட்டாலோ, உடலில் கை வைத்தாலோ, 'ஒத்துழைத்தால் பதவி உயர்வு' என்று சொன்னாலோ அந்த ஒன்றே போதும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் நிறைவேற்றி, 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த 190 ஆம் உடன்படிக்கை, ஒருமுறை நடப்பதையும் திரும்பத் திரும்ப நடப்பதையும் ஒரே வரையறைக்குள் வைக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் 'கடுமையானதா அல்லது பரவலானதா' என்று கேட்கும். கடுமை அதிகமென்றால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் போதும்.

தொடவே இல்லையே, அப்படியும் தண்டனையா?

இந்திய உச்ச நீதிமன்றம் 1999 இல் இதைத் தீர்த்துவைத்தது. ஓர் ஏற்றுமதி ஊக்குவிப்பு அமைப்பில், மேலதிகாரி ஒருவர் பெண் ஊழியரிடம் நெருங்கி உட்கார்ந்து தொட முயன்றார், அவர் எதிர்த்தார். 'முயற்சிதான் நடந்தது, தொட்டதற்கு நிரூபணம் இல்லை' என்று உயர் நீதிமன்றம் அதிகாரியின் பதவி நீக்கத்தை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல் பதவி நீக்கத்தை உறுதி செய்தது. வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்க்காமல் நடத்தையை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

'அழகா இருக்கீங்க' என்று சொல்வதுகூடத் தப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலர் நிஜமாகவே பயந்து கேட்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

'புது கண்ணாடி நல்லா இருக்கு' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பவர் மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை. பாராட்டு பொருளை விட்டு உடலுக்கு நகரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'கண்ணாடி நல்லா இருக்கு' ஒன்று. 'இந்த டிரெஸ்ல உங்க உடம்பு எடுப்பா தெரியுது' வேறொன்று. இரண்டாவதாக, யாருக்கெல்லாம் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். டீமில் எட்டுப் பேர் இருக்க, ஒரே ஒருவரின் உடையைப் பற்றி மட்டும் தினமும் சொன்னால், அவர் மறுநாள் காலை என்ன உடுத்துவது என்று உங்களை நினைத்து யோசிக்க வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு ஒருவரைக் கொண்டுவந்ததே தொல்லைதான். மூன்றாவது, சொன்ன பிறகு என்ன செய்கிறீர்கள். சொல்லிவிட்டு மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நிற்பது, பதிலுக்குக் காத்திருப்பது, 'என்ன, தேங்க்ஸ்கூட இல்லையா' என்று கேட்பது எல்லாம் பாராட்டின் எல்லையைத் தாண்டியவை.

எளிய வழி, வேலையைப் பாராட்டுங்கள். அந்தப் பிரசன்டேஷன் நன்றாக இருந்தது என்று சொன்னால் யாரும் சங்கடப்பட மாட்டார்கள்.

தோளில் தட்டுவது, கைகுலுக்குவது?

கைகுலுக்க நீங்கள் கை நீட்டி, அவர் நீட்டவில்லை என்றால் உங்கள் கையை இறக்கிவிடுங்கள். அங்கேயே அது முடிந்தது. முதுகு, இடுப்பு, தொடை, தலைமுடி, கழுத்து ஆகியவற்றைத் தொட வேலையிடத்தில் எந்தக் காரணமும் கிடையாது. மருத்துவம், உடற்பயிற்சி போன்ற தொழில்களில் தொட வேண்டியிருந்தால் முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் கேட்டு, தேவையான அளவு மட்டும்.

புகார்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். சொல்லிக்கொடுப்பவர் பின்னால் நின்று, ஒரு கையை நாற்காலியின் முதுகிலும் மறு கையை மவுஸ் மேலும் வைக்கிறார். உட்கார்ந்திருப்பவர் இரண்டு கைக்கும் நடுவில் அடைபட்டுவிடுகிறார். எழுந்தால் மேலே இடிக்க வேண்டும். தொட்டாரா என்று கேட்டால் தொடவில்லை. ஆனால் அகப்பட்டவருக்கு வழியில்லை. இதைச் செய்பவர்களில் பலருக்கு உண்மையிலேயே தெரியாது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

சக ஊழியரைப் பிடித்திருக்கிறது. கேட்கவே கூடாதா?

சம நிலையில் இருப்பவரிடம் ஒருமுறை, நேரிடையாக, மறுக்க எளிதான விதத்தில் கேட்பது தொல்லை ஆகாது. கேட்கும் விதம் முக்கியம். அவர் வெளியேற முடியாத இடத்தில் (லிஃப்ட், கார், இரவுப் பணி) கேட்காதீர்கள். மற்றவர்கள் முன் கேட்காதீர்கள்.

'இல்லை' என்றால் இல்லை. 'பார்க்கலாம்', 'இப்ப கொஞ்சம் பிஸி', 'வீட்ல ஒத்துக்க மாட்டாங்க' என்பவையும் பெரும்பாலும் இல்லை என்பதன் மரியாதையான உருவங்கள்தான். இரண்டாவது முறை கேட்பதற்கு முன்பே கோடு வந்துவிடுகிறது. மறுத்த பிறகு முகம் திருப்பிக்கொள்வது, மெயிலுக்குப் பதில் போடாமல் இழுப்பது, நண்பர்களை விட்டுத் தூது சொல்வது, பரிசு அனுப்புவது எல்லாம் தனித்தனிப் பிரச்சினைகளாகும். விருப்பமில்லை எனத் தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது இந்தியாவில் பின்தொடர்தல் என்ற தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78 ஆம் பிரிவில் இருக்கிறது.

இருவரும் விரும்பித்தான் பழகுகிறார்கள், ஒருவர் மேலாளர். நிறுவனம் ஏன் தலையிட வேண்டும்?

உறவு தானாகவே தொல்லை ஆகாது. ஆனால் சம்பளம், விடுப்பு, ஷிப்ட், அப்ரைசல் எல்லாம் ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில சமயம் அவராலேயே சொல்ல முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986 இல், புகார் சொன்னவர் தானாக முன்வந்து உடன்பட்டாரா என்பது கேள்வியே அல்ல, அந்த அணுகுமுறை அவருக்கு வேண்டியதாக இருந்ததா என்பதுதான் கேள்வி என்றது. உடன்பட்டதும் விரும்பியதும் ஒன்றல்ல.

செய்ய வேண்டியது, மேலாளராக இருப்பவர் தாமாகவே ஹெச்.ஆரிடம் எழுத்தில் தெரிவித்து, அந்த ஊழியரின் மதிப்பீட்டுப் பொறுப்பை வேறொருவரிடம் மாற்றச் சொல்வது. தெரிவிக்கும் கடமை மேலே இருப்பவருடையது. மாற்றும்போது எப்போதும் கீழே இருப்பவரையே வேறு டீமுக்குத் தள்ளிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. உறவு முறிந்த பிறகு 'என் டீமில் வேண்டாம்' என்று அவரை நீக்குவது அதைவிடப் பெரிய தவறு.

வாட்ஸ்அப் குழுவில் வரும் ஜோக், மீம்?

குழுவின் பெயர் 'ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்பதால் அது தனியார் இடமாகிவிடாது. உடன் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், வேலை விஷயமும் ஓடுகிறது என்றால் வேலையிடத்தின் நீட்சிதான். ஜோக் யாரையும் குறிவைக்கவில்லை என்பதும் முழுப் பதில் அல்ல. தினமும் ஆபாச மீம் விழும் குழுவில் வேலைக்காக இருந்தே தீர வேண்டிய ஒருவர் அதைப் பார்த்தே தீர வேண்டும்.

அட்மினாக இருப்பவர் உடனே அழித்து, 'இந்தக் குழுவில் இது வேண்டாம்' என்று குழுவிலேயே ஒரு வரி போட வேண்டும். தனியே கூப்பிட்டுச் சொன்னால் மற்றவர்களுக்கு அது தெரியாது. அனுமதி உண்டு என்றே நினைப்பார்கள். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கவும்.

ஆபீஸுக்கு வெளியே, வேலை நேரத்துக்குப் பிறகு நடந்தால்?

வேலை நிமித்தம் போன இடமெல்லாம் வேலையிடம்தான். பயணம், பயிற்சி, பார்ட்டி, வேலைக்குப் போய்வரும் வழி, நிறுவனம் தரும் தங்குமிடம், வீடியோ கால், சாட் என்று 190 ஆம் உடன்படிக்கை பட்டியலே தருகிறது. வேலை தேடி வருபவர், பயிற்சியாளர், தன்னார்வலர், வேலையை விட்டு நீக்கப்பட்டவர் எல்லோரும் அதன் பாதுகாப்பில் வருகிறார்கள். இந்தியச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கிறது. குடித்திருந்தேன் என்பது எங்கேயும் விலக்கு அல்ல.

அவர் அப்போது சிரித்தாரே? ஒன்றும் சொல்லவில்லையே?

அதிர்ச்சியில் சிரிப்பார்கள். வேலை போய்விடும் என்று சிரிப்பார்கள். அந்த நிமிடம் கழிந்தால் போதும் என்று சிரிப்பார்கள். மேலதிகாரியின் ஜோக்குக்கு எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்க ஒருவருக்கு எத்தனை துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று மாலை அவரே 'ஓகே சார்' என்று மெசேஜ் போட்டிருக்கலாம். அதுவும் சம்மதத்துக்குச் சாட்சி ஆகாது.

ஆண்களுக்கு நடந்தால்? வாடிக்கையாளர் செய்தால்?

யாருக்கும் நடக்கலாம், யாரும் செய்யலாம். ஒரே பாலினத்தவருக்கு இடையிலும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998 இல் சொன்னது. இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்கள் மட்டுமே புகார்தாரராக முடியும். அங்கே ஆண்கள் நிறுவனத்தின் சொந்த விதிகளின் கீழ்தான் புகார் தர வேண்டும். பல நிறுவனங்கள் விதிகளைப் பாலினம் குறிப்பிடாமல் எழுதிவைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.

வாடிக்கையாளரோ சப்ளையரோ செய்தால் ஊழியரைக் காப்பது நிறுவனத்தின் வேலை. 'பெரிய கஸ்டமர், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க' என்று ஒரு மேலாளர் சொன்னால் அவரும் அந்தத் தவறில் பங்காளி ஆகிறார்.

மேலாளர் கத்துகிறார், அவமானப்படுத்துகிறார். அதுவும் பாலியல் தொல்லையா?

பாலியல் சாயலும் இல்லை, பாலினக் காரணமும் இல்லை என்றால் அது வேறு வகைக் கொடுமை. வேறு வழியில் புகார் செய்ய வேண்டும். ஆனால் ஒருவர் மேலாளரின் ஆசைக்கு இணங்க மறுத்த அடுத்த வாரத்திலிருந்துதான் கத்தல் தொடங்கியது என்றால் இரண்டும் ஒரே புகார்தான். எது எப்போது தொடங்கியது என்ற தேதியைக் கட்டாயம் எழுதுங்கள்.

எனக்கு நடந்துகொண்டிருக்கிறது. முதலில் என்ன செய்வது?

புகார் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காவிட்டாலும் இன்றே எழுதத் தொடங்குங்கள். நடந்த 24 மணி நேரத்துக்குள் எழுதியதற்கு இருக்கும் எடை மூன்று மாதம் கழித்து எழுதுவதற்கு இல்லை. 'அவர் எப்போதும் என்னிடம் தப்பாக நடந்துகொள்வார்' என்று எழுதினால் குழுவால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

'14 ஆம் தேதி, செவ்வாய், மாலை 6.40. இரண்டாம் மாடி, பிரின்டர் பக்கம். பேப்பர் எடுக்கக் குனிந்தேன். பின்னாலிருந்து வந்து இடுப்பில் கை வைத்து "நகரு" என்றார். நான் நகர்ந்த பிறகுதான் கையை எடுத்தார். அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒருவர் கதவருகே நின்றிருந்தார், பார்த்தாரா தெரியாது. இரவு 9.15க்கு அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்.'

சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், கூச்சமாக இருந்தாலும். 'அசிங்கமாகப் பேசினார்' என்று சுருக்கினால் குழு மறுபடி கேட்கத்தான் செய்யும்.

குறிப்புகளை ஆபீஸ் லேப்டாப்பில் வைக்காதீர்கள். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரிய வேண்டும், முன்னும் பின்னும் உள்ள வரிகளும் இருக்க வேண்டும். நடுவில் வெட்டிய படத்தை எதிர்த்தரப்பு எளிதாகக் கேள்வி கேட்கும். மூல மெசேஜை அழிக்காதீர்கள். சிசிடிவி இருக்கும் இடமென்றால் அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள், பழைய பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லிவையுங்கள். பின்னால் அவர் சாட்சி சொல்ல முடியும்.

அவரிடமே நேரில் சொல்லியாக வேண்டுமா?

கட்டாயமில்லை. சொல்லாததால் புகார் பலவீனமாகிவிடும் என்பதும் உண்மையில்லை. பாதுகாப்பாக உணர்ந்தால் மட்டும் சொல்லுங்கள்: என்ன செய்தார், அது வேண்டாம், இனி செய்யாதீர்கள். 'நேற்று என் தோளில் கை வைத்தீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இனி தொடாதீர்கள்.' சிரித்துக்கொண்டோ 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்று தொடங்கியோ சொல்ல வேண்டியதில்லை. மெசேஜில் சொன்னால் அதுவே பதிவாகிவிடும்.

எத்தனை நாளுக்குள் புகார் தர வேண்டும்?

இந்தியாவில் கடைசிச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். அமெரிக்காவில் சமவேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாள், மாநிலத்திலும் அதுபோன்ற சட்டத்தை நடத்தும் அமைப்பு இருந்தால் 300 நாள். நிறுவனத்துக்குள் பேசிக்கொண்டிருக்கும் நாட்களில் இந்தக் கெடு நிற்காது. 'பார்த்துக்கறோம், கொஞ்சம் பொறுங்க' என்று சொல்லியே கெடு கடந்துபோன புகார்கள் ஏராளம்.

இந்தியாவில் 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவர், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். 10 பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். போலீஸுக்குப் போகும் உரிமை தனி. குழுவிடம் போனதால் அது போய்விடாது.

விசாரணையில் என்ன நடக்கும்? சாட்சியே இல்லையே?

இந்திய விதிகளின்படி புகார் நகல் 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கை 10 நாளில், அதன் மேல் நடவடிக்கை 60 நாளில். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. புகார்தாரர் கேட்டால் மட்டுமே சமரசம் பேசலாம். அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

இத்தகைய காரியங்கள் பெரும்பாலும் யாரும் பார்க்காதபோதுதான் நடக்கின்றன. அதனால் கிரிமினல் வழக்குபோல 'சந்தேகத்துக்கு இடமில்லாமல்' நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். உங்கள் பேச்சு ஆரம்பம் முதல் ஒன்றுபோல் இருக்கிறதா, நடந்த அன்று யாரிடமாவது சொன்னீர்களா, ஷிப்ட் மாற்றக் கேட்டீர்களா, எதிர்த்தரப்பு சொல்வது வருகைப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

குழுக்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் நடைமுறைதான். எதிர்த்தரப்புக்கு ஆவணம் தராமல், கேள்வி கேட்க வாய்ப்பு தராமல் அவசரமாக முடித்தால் உண்மையான புகார்கூட மேல்முறையீட்டில் விழும். 2023 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு பல்கலைக்கழகக் குழுவின் விசாரணையை அவசரத்தைக் காரணம் காட்டித்தான் ரத்து செய்து, மறுபடி குழுவிடமே அனுப்பியது. எதிர்த்தரப்புக்கு நியாயமாக நேரம் கொடுப்பது புகார்தாரரைக் காப்பாற்றும் வேலையும்கூட.

நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று என் மேல் நடவடிக்கை வருமா?

நிரூபிக்க முடியாததும் பொய் சொன்னதும் வேறு வேறு. பொய் என்று தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு கொடுத்ததாகத் தனியாக விசாரித்து நிறுவினால்தான் நடவடிக்கை. இந்தியச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. 'நிரூபிக்கலேன்னா உனக்குத்தான் சிக்கல்' என்று யாராவது மிரட்டினால் அதையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவர் என்னிடம் 'நீங்க அப்படிப் பேசினது பிடிக்கலை' என்றார். என்ன செய்வது?

'சொன்னதுக்கு நன்றி. தப்புதான். இனி நடக்காது.' இவ்வளவு போதும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை வரும். மறுநாள் மறுபடி மன்னிப்பு கேட்டுப் பின்னால் போகாதீர்கள். அவரிடம் வேலைப் பேச்சை வழக்கம்போல் தொடருங்கள். திடீரென்று பேச்சை நிறுத்தினால் அதுவே தண்டனைபோல் ஆகிவிடும்.

எழுத்தில் புகாரே வந்துவிட்டால் அவரைத் தொடர்புகொள்ளாதீர்கள், நண்பர்கள் மூலமாகவும் வேண்டாம். மெசேஜ்களை அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் உள்ளே இருந்ததைவிட மோசமாகக் கற்பனை செய்வார்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தேதிவாரியாகப் பதில் எழுதுங்கள். புகார்தாரரின் குணத்தைப் பற்றி எழுதாதீர்கள்.

நான் டீம் லீடர். ஒருவர் சொல்லிவிட்டு 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்கிறார்.

அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். 'முடிந்தவரை ரகசியமாக வைக்கிறேன், ஆனால் உங்களைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருப்பதால் குழுவிடம் சொல்ல வேண்டி வரலாம்' என்று பேச்சு ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். 'அவர் அப்படிப்பட்டவர் இல்லையே', 'ஏன் அப்பவே சொல்லலை' என்ற இரண்டும் வாயில் வரக் கூடாது. நீங்களே எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். அவர் உஷாராகிவிடுவார், சாட்சிகளிடம் பேசிவிடுவார். அன்றே குறிப்பெடுத்து, உரியவரிடம் ஒப்படையுங்கள்.

பக்கத்தில் இருந்து பார்த்தேன். என்ன செய்யலாம்?

சண்டை போட வேண்டியதில்லை. பேச்சைத் திருப்பலாம், 'இந்த ஃபைல் கொஞ்சம் பாருங்க' என்று அவரை அங்கிருந்து அழைத்துப் போகலாம். பிறகு தனியாக, 'நான் பார்த்தேன். தேவைப்பட்டால் சொல்வேன்' என்று சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

புகார் கொடுத்த பிறகு பழிவாங்கினால்?

அது தனிக் குற்றச்சாட்டு. மூலப் புகார் நிரூபணமாகாவிட்டாலும் பழிவாங்கியது நிரூபணமாகலாம். டிஸ்மிஸ் செய்வது மட்டுமே பழிவாங்கல் அல்ல. மீட்டிங் அழைப்பில் பெயர் விடுபடுவது, ராத்திரி ஷிப்டே தொடர்ந்து விழுவது, திடீரென்று அப்ரைசலில் மதிப்பெண் சரிவது எல்லாம் அதில் அடங்கும். பழைய அப்ரைசல்களின் நகலை இப்போதே எடுத்துவைத்தால் பின்னால் ஒப்பிட்டுக் காட்டலாம்.

இந்தியாவில் விசாரணை நடக்கும்போதே எழுத்தில் கேட்டு, இருவரில் ஒருவரை இடமாற்றம் செய்யச் சொல்லலாம், வழக்கமான விடுப்பு போக 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு பெறலாம், எதிர்த்தரப்பு உங்கள் வேலையை மதிப்பிடக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அப்ரைசல் மாதம் நெருங்குகிறது என்றால் புகாரோடு சேர்த்தே அந்தக் கோரிக்கையையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.